வளரிளம் பிள்ளைகளுக்குக் கருத்தடை பற்றிச் சொல்லிக்கொடுப்பது: பெற்றோரும் ஆசிரியரும் கேட்கும் கேள்விகள்

13 முதல் 19 வயது வரையுள்ள பிள்ளைகளை வளர்ப்பவர்களுக்கும், அவர்களுக்குப் பாடம் எடுப்பவர்களுக்கும் எழுதியது இது. தமிழ்நாட்டில் கிடைக்கும் முறைகள், இங்குள்ள சட்டம், இங்கே புழங்கும் தவறான நம்பிக்கைகள் ஆகியவற்றை வைத்தே பதில்கள் இருக்கின்றன. கருத்தடையில் ஏறக்குறைய எல்லாமே நேரக் கணக்கு. அவசர மாத்திரைக்கு 72 மணி நேரம், தவறவிட்ட மாத்திரைக்கு 48 மணி நேரம், கருக்கலைப்புக்கு இத்தனை வாரம் என்று ஒவ்வொன்றுக்கும் கெடு உண்டு. வீட்டில் சொல்லப் பயந்து ஒரு பெண் கடத்தும் நாட்களில்தான் இந்தக் கெடுவெல்லாம் தாண்டிப்போகிறது. ஆகவே முறைகளைச் சொல்லித்தருவது பாதி வேலை. ஏதாவது நடந்தால் அன்றைக்கே வந்து சொல்லும் துணிச்சலைப் பிள்ளைக்குத் தருவது மீதிப் பாதி.

இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தால் பிள்ளை கெட்டுப்போகாதா?

போகாது. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துத்தான் யுனெஸ்கோ 2018இல் பாலியல் கல்விக்கான வழிகாட்டியைத் திருத்தி வெளியிட்டது. இந்தக் கல்வியால் பிள்ளைகள் சீக்கிரம் உறவில் இறங்குவதில்லை என்பது அதில் தெளிவாக இருக்கிறது. "கல்யாணம் வரை வேண்டாம்" என்று மட்டும் சொல்லி நிறுத்தும் பாடத்தால் கர்ப்பம் குறையவில்லை என்பதும் இருக்கிறது. பொறுத்திருப்பது நல்லது என்று நீங்கள் நினைத்தால் அதையும் தாராளமாகச் சொல்லுங்கள். அதோடு சேர்த்து முறைகளையும் சொல்லுங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை.

நீங்கள் சொல்லாவிட்டால் பிள்ளைக்குத் தெரியாமலே போய்விடாது. கைபேசியிலிருந்தும் கூட்டாளிகளிடமிருந்தும் தெரிந்துகொள்ளும், அதுவும் பாதியும் தப்புமாக.

எந்த வயதில் எதைச் சொல்வது?

வயதுக்கு வருவதற்கு முன்பே, 9 அல்லது 10 வயதிலேயே, மாதவிலக்கு என்றால் என்ன, ஆண் பிள்ளைக்கு உடம்பில் என்னென்ன மாறும், யார் எங்கே தொடக்கூடாது என்பதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். மஞ்சள் நீராட்டு முடிந்த கையோடு, கரு எப்படி உண்டாகிறது என்பதையும் சொல்லிவிடுங்கள். சடங்குக்கு ஊரையே அழைக்கிறோம்; அந்தப் பெண்ணிடம் "இனி உனக்குக் கரு உண்டாகலாம், அது இப்படித்தான் உண்டாகும்" என்று ஒருவரும் சொல்வதில்லை. 13 முதல் 15க்குள் சம்மதம், சட்டம், அவசர மாத்திரை என்று ஒன்று இருப்பது ஆகிய மூன்றும் தெரிய வேண்டும். 16க்குப் பிறகு ஒவ்வொரு முறையையும் விவரமாகச் சொல்லலாம். பெண்ணுக்குச் சொல்வது எல்லாம் பையனுக்கும்.

பேச்சை எப்படி ஆரம்பிப்பது? எனக்கே கூச்சமாக இருக்கிறதே.

எதிரில் உட்காரவைத்துப் பேசாதீர்கள். வண்டியில் போகும்போது, துணி மடிக்கும்போது, முகம் பார்க்காமல் பேசினால் இருவருக்கும் எளிது. ஒரே நாளில் எல்லாவற்றையும் கொட்ட வேண்டாம். ஐந்து நிமிடம் போதும், அடுத்த மாதம் இன்னொரு ஐந்து நிமிடம். செய்தியில் வந்த ஒரு சம்பவம், பக்கத்துத் தெருவில் நடந்த ஒரு கல்யாணம், எதிலிருந்தும் தொடங்கலாம்.

ஒரு வாக்கியத்தை மட்டும் மறக்காமல் சொல்லிவிடுங்கள்: "எப்பவாவது எதாவது நடந்திடுச்சுன்னா, அன்னிக்கு ராத்திரியே என்கிட்ட சொல்லு. நான் அப்புறமா கோபப்பட்டாலும் படுவேன், முதல்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவேன்." கோபமே வராது என்று பொய்ச் சத்தியம் செய்யத் தேவையில்லை. பிள்ளை அதை நம்பாது.

உங்களால் முடியவே முடியாது என்றால் சித்தியோ அத்தையோ அக்காவோ பேசட்டும். யாரிடம் போகலாம் என்பது பிள்ளைக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

கரு எப்போது உண்டாகும்? "சேஃப் பீரியட்" கணக்கை நம்பலாமா?

வளரிளம் பெண்கள் நம்பக்கூடாது. காரணம் இதுதான்: கருமுட்டை வெளிவருவது அடுத்த மாதவிலக்குக்குச் சுமார் 14 நாள் முன்பு. போன மாதவிலக்கிலிருந்து 14ஆம் நாள் என்று பலர் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். அது 28 நாள் சுழற்சிக்கு மட்டுமே பொருந்தும். 35 நாள் சுழற்சியில் முட்டை 21ஆம் நாள் வாக்கில் வரும், 24 நாள் சுழற்சியில் 10ஆம் நாளே வந்துவிடும். முட்டை ஒரு நாள்தான் உயிரோடு இருக்கும். ஆனால் விந்தணு பெண்ணின் உடலுக்குள் 5 நாள் வரை தாக்குப்பிடிக்கும். அப்படியானால் 24 நாள் சுழற்சி உள்ள பெண்ணுக்கு, மாதவிலக்கு நின்றும் நிற்காத 5, 6ஆம் நாள் உறவுகூடக் கருவில் முடியலாம்.

வயதுக்கு வந்த முதல் சில ஆண்டுகளில் சுழற்சி 21 நாளும் ஆகும், 45 நாளும் ஆகும். ஒரு மாதம் போல இன்னொரு மாதம் இருக்காது. அடுத்த மாதவிலக்கு என்றைக்கு என்று தெரியாதபோது அதிலிருந்து பின்னோக்கி எப்படி எண்ணுவது? நாட்காட்டியில் தேதி குறித்துவைப்பது நல்ல பழக்கம். நாள் தள்ளிப்போனால் உடனே தெரியும். அதைக் கருத்தடையாக வைத்துக்கொள்ளக்கூடாது, அவ்வளவுதான்.

பிள்ளைகள் நம்பும் வேறு தப்புகள் என்னென்ன?

முதல் தடவையிலேயே கரு உண்டாகாது என்பது பெரிய தப்பு, உண்டாகும். முதல் மாதவிலக்கு வருமுன்பே முட்டை வெளிவந்துவிடக்கூடும் என்பதால், வயதுக்கு வராத பெண்ணும் கர்ப்பமாகலாம். உறவு முடிந்ததும் சிறுநீர் கழிப்பது, தண்ணீர் ஊற்றிக் கழுவுவது, குதிப்பது எதற்கும் பலன் இல்லை. விந்தணு சில நிமிடங்களில் கருப்பை வாயைத் தாண்டிவிடும். "வெளியே எடுத்துவிட்டேன்" என்பது ஓராண்டில் 100 பேரில் சுமார் 20 பேருக்குத் தோற்கிறது. பழகாத பையன்களிடம் இன்னும் அதிகம் தோற்கும்.

பப்பாளிக்காய், அன்னாசி, எள்ளும் வெல்லமும் சாப்பிட்டால் "வந்துவிடும்" என்பது நம் வீடுகளில் பாட்டி காலத்திலிருந்து இருக்கிறது. இவற்றால் கருத்தரிப்பைத் தடுக்கவும் முடியாது, உண்டான கருவைக் கலைக்கவும் முடியாது. இதில் உள்ள ஆபத்து அந்தப் பழத்தில் இல்லை. வரும் வரும் என்று எள்ளுருண்டை தின்றுகொண்டு காத்திருந்ததில் மூன்று வாரம் போய்விடும்.

திருவிழாவுக்கு மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரை போட்டால் கரு உண்டாகாதா?

உண்டாகும். இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கோயில் விசேஷம், வீட்டுக் கல்யாணம் என்று நம் ஊரில் மருந்துக் கடையில் வாங்கிப் போடும் அந்த மாத்திரை பெரும்பாலும் நாரெத்திஸ்டிரோன் 5 மில்லிகிராம். அது கருத்தடை மாத்திரையாக அனுமதி பெற்றதல்ல. மாதவிலக்கு எதிர்பார்க்கும் தேதிக்கு மூன்று நாள் முன்பு தொடங்குவார்கள். அந்த மாதத்து முட்டை அதற்கு முன்பே வந்துபோயிருக்கும். வீட்டில் அக்கா போட்டதைப் பார்த்த தங்கை, "பீரியட்ஸ் மாத்திரைதானே எல்லாம்" என்று எடுத்துக்கொண்டு பாதுகாப்பு என்று நினைத்துவிடுகிறாள். அந்த அட்டையைக் கையில் எடுத்துக் காட்டியே இது வேறு, அது வேறு என்று சொல்லிவிடுங்கள்.

எந்த முறை எவ்வளவு காக்கும்?

அமெரிக்காவில் தொகுத்து, உலகெங்கும் எடுத்தாளப்படும் கணக்கு இது. எந்தத் தடுப்பும் இல்லாமல் ஓராண்டு உறவில் இருக்கும் 100 பெண்களில் 85 பேர் கருத்தரிப்பார்கள். ஆணுறையைச் சாதாரணமாக மனிதர்கள் பயன்படுத்துகிறபடி, அதாவது சில நாள் விட்டும் சில நாள் தப்பாகவும் பயன்படுத்தினால், 13 பேர். தினசரி மாத்திரையில் 7 பேர், மூன்று மாத ஊசியில் 4 பேர், கருப்பைக்குள் மருத்துவர் பொருத்தும் காப்பர்-டியில் ஒருவருக்கும் குறைவு. ஆணுறையை ஒவ்வொரு முறையும் பிசகாமல் பயன்படுத்தினால் 13 என்பது 2 ஆகிவிடும். மாத்திரையில் 7 என்பது ஒன்றுக்கும் கீழே போய்விடும். இந்த இடைவெளிதான் நாம் சொல்லித்தர வேண்டிய பாடம். முறையின் பெயரைச் சொல்லிவிட்டு நகர்ந்தால் 13லேயே நிற்கும்.

ஆணுறை விஷயத்தில் எங்கே தப்பு நடக்கிறது?

பெரும்பாலும் உறைக்கு வெளியே. பையன்கள் அதைப் பர்ஸில் வைத்துக்கொண்டு திரிகிறார்கள். உடல் சூட்டிலும் உராய்விலும் ரப்பர் நைந்துவிடும். பைக் பெட்டியும் ஆகாது. வீட்டில் நிழலான இடத்தில் வைக்க வேண்டும். வாங்கியதும் காலாவதித் தேதி பார்க்க வேண்டும். பாக்கெட்டை இரு விரலால் அழுத்தினால் உள்ளே காற்று இருப்பது தெரிய வேண்டும். தெரியாவிட்டால் எங்கோ ஓட்டை.

பிரிக்கும்போது உறையை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு மறுபக்க ஓரத்தைக் கையால் கிழிக்க வேண்டும். பல், கத்தரி இரண்டும் கூடாது. சுருள் வெளிப்பக்கம் இருந்தால்தான் கீழே உருளும். தலைகீழாக வைத்துவிட்டால் அதையே திருப்பிப் போடக்கூடாது, தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது எடுக்க வேண்டும். நுனியை விரலால் கிள்ளிக் காற்றை வெளியேற்றிவிட்டு அடிவரை உருட்ட வேண்டும். காற்று தங்கினால் கிழியக்கூடும். உறவு தொடங்குவதற்கு முன்பே போட வேண்டும், பாதியில் அல்ல. முடிந்ததும் உடனே, அடியைப் பிடித்துக்கொண்டே விலக வேண்டும். தளர்ந்த பிறகு விலகினால் உறை உள்ளேயே நழுவிவிடும். முடிச்சுப் போட்டுக் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போட வேண்டும், கழிப்பறையில் அல்ல.

தேங்காய் எண்ணெய், வாசலின், கைக்குப் பூசும் கிரீம் எதுவும் லேடெக்ஸ் உறையோடு சேரக்கூடாது. சில நிமிடங்களிலேயே ரப்பர் பலமிழந்துவிடும். இரண்டு உறையை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டால் ஒன்றோடொன்று உரசிக் கிழியும்.

வகுப்பில் மர மாதிரியோ வாழைக்காயோ வைத்துச் செய்துகாட்டுவது வழக்கம். மாணவர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு பாக்கெட்டைக் கொடுத்துத் தேதியைப் படிக்கச் சொல்லுங்கள். முதலில் சிரிப்பு எழும். ஐந்து நிமிடத்தில் அடங்கிவிடும். அதன் பிறகு வரும் கேள்விகள்தான் உண்மையான கேள்விகள். எச்.ஐ.வி. உள்ளிட்ட பால்வினை நோய்களிலிருந்து காப்பது இந்த ஒரு முறை மட்டுமே என்பதைச் சொல்லாமல் பாடத்தை முடிக்கக்கூடாது. அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் நிரோத் ஆணுறை இலவசம்.

தினசரி மாத்திரை எப்படிப் போடுவது? மறந்துவிட்டால்?

அரசு தரும் மாலா-என் அட்டையில் 28 மாத்திரை இருக்கும். 21இல் ஹார்மோன், நிறம் வேறான 7இல் இரும்புச்சத்து. மாதவிலக்கு தொடங்கிய 5 நாளுக்குள் ஆரம்பித்தால் அன்றிலிருந்தே பாதுகாப்பு. அதற்குப் பின் ஆரம்பித்தால் முதல் 7 நாள் ஆணுறையும் வேண்டும். தினமும் ஒரே நேரம், இரவுச் சாப்பாட்டுக்குப் பின் என்று வைத்துக்கொண்டால் குமட்டலும் குறையும். அட்டை முடிந்த மறுநாளே அடுத்த அட்டை. நடுவில் ஒரு நாளும் இடைவெளி கிடையாது. அடுத்த அட்டை கையில் இல்லாமல் இரண்டு மூன்று நாள் விட்டுவிடுவதுதான் அதிகம் பேருக்கு நடக்கிற கோளாறு. ஆகவே இரண்டாவது அட்டையை முன்பே வாங்கி வைக்க வேண்டும்.

ஒரு ஹார்மோன் மாத்திரையை மறந்தால், நினைவு வந்ததும் போட்டுவிட்டு அடுத்ததை வழக்கமான நேரத்தில் போடலாம். ஒரே நாளில் இரண்டு விழுந்தாலும் பரவாயில்லை. இரண்டோ அதற்கு மேலோ மறந்தால் நிலைமை வேறு: ஒன்றை உடனே போட்டுத் தொடர வேண்டும், தொடர்ந்து 7 நாள் ஆணுறை. மறந்தது முதல் வாரத்தில், அந்த நாட்களில் உறவும் இருந்தது என்றால் அவசர மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும். மூன்றாவது வாரத்தில் மறந்திருந்தால் இரும்புச்சத்து மாத்திரைகளை ஒதுக்கிவிட்டு நேரே புது அட்டைக்குப் போய்விடலாம். இரும்பு மாத்திரையை மறந்தால் ஒன்றும் ஆகாது.

கண்முன் மின்னல் கோடுகள் தெரிந்து வரும் ஒற்றைத் தலைவலி, ரத்த அழுத்தம், ரத்தம் உறைந்த வரலாறு, கல்லீரல் நோய் இருப்பவர்களுக்கு இது ஆகாது. காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிடாயின், கார்பமசெபின் ஆகியவை மாத்திரையின் பலனைக் குறைக்கும். மருத்துவர் கேட்காவிட்டாலும் பிள்ளையே சொல்ல வேண்டும். சளி, காய்ச்சலுக்குத் தரும் வழக்கமான ஆன்டிபயாடிக்கால் பாதிப்பு இல்லை. மாத்திரையை நிறுத்திய பின் குழந்தை பிறக்காமல் போகும் என்ற பயத்துக்கு அடிப்படையே கிடையாது.

சாயா மாத்திரை என்கிறார்களே, அது என்ன?

லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் கண்டுபிடித்தது, ஹார்மோன் இல்லாதது, சென்ட்குரோமன் 30 மில்லிகிராம். மாதவிலக்கின் முதல் நாள் ஒன்று, அதிலிருந்து நான்காம் நாள் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை தொடங்கினால் ஞாயிறும் புதனும். மூன்று மாதம் இப்படி வாரம் இரண்டு. நான்காம் மாதத்திலிருந்து ஞாயிறு மட்டும். அந்த மாற்றத்தில்தான் குழம்புகிறார்கள். நாட்காட்டியில் மூன்று மாதத்துக்கும் வட்டம் போட்டு வைத்துவிட வேண்டும். ஒரு மாத்திரை தவறி 7 நாளுக்குள் நினைவு வந்தால் உடனே போட்டு, அடுத்த மாதவிலக்கு வரை ஆணுறையும் பயன்படுத்த வேண்டும். 7 நாள் தாண்டிவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். மாதவிலக்கு தாமதமாக வருவது இதில் சகஜம். சினைப்பையில் நீர்க்கட்டிகள் வரும் பி.சி.ஓ.டி. உள்ள பெண்களுக்கு இது ஏற்றதல்ல. இந்த வயதில் அது பலருக்கு இருப்பதால் முதலில் அதைக் கேட்க வேண்டும்.

அந்தரா ஊசி? காப்பர்-டி?

அந்தரா மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி. போட்ட இடத்தைத் தேய்க்கவோ ஒத்தடம் கொடுக்கவோ கூடாது. மருந்து சீக்கிரம் கரைந்து பலன் நாள் குறையும். முதல் மாதங்களில் சொட்டுச் சொட்டாக உதிரப்போக்கு, பிறகு மாதவிலக்கே நிற்பது இரண்டும் நடக்கும். "கெட்ட ரத்தம் வயிற்றில் தங்கிவிடும்" என்று வீட்டில் பயமுறுத்துவார்கள். கருப்பைக்குள் அந்த மாதம் சவ்வு தடிக்கவே இல்லை, ஆகவே வெளியேற எதுவும் இல்லை. இதை ஊசிக்கு முன்பே சொல்லிவிட்டால் பாதியில் நிறுத்த மாட்டார்கள். ஊசியை நிறுத்திய பின் மீண்டும் கருத்தரிக்க 7 முதல் 10 மாதம் ஆகலாம். எலும்பின் அடர்த்தி சற்றுக் குறையும் என்பதால் 18 வயதுக்குக் கீழே மருத்துவர் யோசித்துத்தான் போடுவார்.

காப்பர்-டியில் 380ஏ 10 ஆண்டும், 375 வகை 5 ஆண்டும் வேலை செய்யும். குழந்தை பெறாதவர்களுக்குப் போடக்கூடாது என்பது பழைய எண்ணம். உலக சுகாதார நிறுவனத்தின் தகுதிப் பட்டியல் 20 வயதுக்குக் கீழும் போடலாம் என்றே சொல்கிறது. போட்ட முதல் சில மாதம் வயிற்றுவலியும் அதிக உதிரப்போக்கும் இருக்கலாம். ரத்தசோகை உள்ள பெண்ணுக்கு அதைச் சரிசெய்வது முதல் வேலை.

அவசர மாத்திரை: எதை, எப்போது, எப்படி?

லெவோனார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம், ஒரே மாத்திரை, 72 மணி நேரத்துக்குள். மூன்று நாள் இருக்கிறதே என்று அர்த்தமில்லை. முதல் 12 மணி நேரத்தில் போட்டால் கிடைக்கும் பலன் மூன்றாம் நாள் கிடைக்காது. இது கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுகிறது. முட்டை ஏற்கெனவே வந்துவிட்டால் இதனால் செய்ய ஒன்றுமில்லை. ஒவ்வொரு மணி நேரமும் கணக்கில் வருவது இதனால்தான். இது கருவைக் கலைக்கும் மாத்திரை அல்ல. ஏற்கெனவே கர்ப்பமாக இருந்தால் அதற்குத் தீங்கும் செய்யாது.

போட்ட 3 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று போட வேண்டும். எடை 70 கிலோவுக்கு மேல் இருந்தால் பலன் குறையலாம். அப்போதும், 72 மணி நேரம் தாண்டிவிட்டாலும், 5 நாளுக்குள் காப்பர்-டி போடுவதே மிகச் சிறந்த அவசர முறை. இதை அறிந்தவர் மிகக் குறைவு.

பிள்ளைகள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. மாத்திரை போட்டாயிற்று, இந்த மாதம் கவலையில்லை என்று நினைப்பது. முட்டை தள்ளித்தான் போயிருக்கிறது, சில நாள் கழித்து வரும். அதன் பிறகு தடுப்பில்லாத உறவு என்றால் ஆபத்து முன்பைவிட அதிகம். அடுத்த மாதவிலக்கு ஒரு வாரம் முன்னும் பின்னும் ஆகலாம். ஒரு வாரத்துக்கு மேல் தள்ளினால் பரிசோதனை செய்ய வேண்டும். திரும்பத் திரும்பப் போட்டால் கருப்பை கெட்டுவிடாது. ஆனால் வழக்கமான முறைகளைவிடப் பலன் குறைவு, மாதவிலக்கும் தாறுமாறாகும்.

நாட்டளவில் இதை 2005 முதல் மருத்துவச் சீட்டு இல்லாமல் விற்கிறார்கள். அப்படியிருந்தும் தமிழ்நாட்டில் பல மருந்துக் கடைகள் இதை வைப்பதே இல்லை, கேட்டால் சீட்டு கேட்பார்கள். இரண்டு கடை ஏறி இறங்கி அவமானப்பட்டு வீட்டுக்குத் திரும்பும் பெண்ணுக்கு ஒரு நாள் போய்விடும். நேரே அரசு மருத்துவமனையின் மகப்பேறு அல்லது குடும்பநலப் பிரிவுக்குப் போகச் சொல்லுங்கள்.

நாள் தள்ளிப்போய்விட்டது. அடுத்து?

காலையில் முதல் சிறுநீர், சுத்தமான உலர்ந்த கிண்ணத்தில். மருந்துக் கடையில் கிடைக்கும் கர்ப்பப் பரிசோதனை அட்டையிலோ அரசின் நிஷ்சய் அட்டையிலோ குறித்த இடத்தில் இரண்டு மூன்று சொட்டு விட்டு 5 நிமிடம் பார்க்க வேண்டும். இரண்டு கோடு என்றால் கர்ப்பம். இரண்டாவது மங்கலாக இருந்தாலும் கர்ப்பம்தான். அட்டை வேலை செய்வதைக் காட்டும் கட்டுப்பாட்டுக் கோடே வராவிட்டால் அட்டை கெட்டது, வேறு எடுக்க வேண்டும். அரை மணி கழித்துத் தெரியும் கோட்டை எண்ணக்கூடாது. தடுப்பில்லாத உறவுக்கு மறுநாளே பார்ப்பதில் பயனில்லை. 3 வாரம் ஆனால்தான் "இல்லை" என்ற முடிவை நம்பலாம். மாதவிலக்கு ஒழுங்கில்லாத பெண்ணுக்கு இந்த 3 வாரக் கணக்குத்தான் உதவும்.

கர்ப்பம் உறுதியாகிவிட்டால்?

முதலில் கேட்க வேண்டியது "யார்?" அல்ல, "எத்தனை வாரம்?" என்பது. வாரத்தைப் பொறுத்தே வழிகள் மாறும். 1971ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் 2021இல் திருத்தப்பட்டது. 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் முடிவு போதும். 20 முதல் 24 வாரம் வரை, சட்டம் குறிப்பிடும் பிரிவினருக்கு மட்டும், இரண்டு மருத்துவர். 18 வயது நிரம்பாதவர்களும் வன்கொடுமைக்கு ஆளானவர்களும் இதில் அடக்கம். திருமணமாகாத பெண்களுக்கும் இந்த உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பளித்தது. 18 நிரம்பியவர் தன் கையெழுத்திலேயே செய்துகொள்ளலாம். கணவரோ பெற்றோரோ தேவையில்லை. 18க்குக் கீழே பாதுகாவலரின் எழுத்துப்பூர்வச் சம்மதம் வேண்டும்.

கலைப்பு மாத்திரையை யாரோ ஒருவர் மூலம் கடையில் வாங்கிப் போடுவதுதான் இந்த வயதில் உயிரை எடுக்கிறது. கரு கருப்பைக்கு வெளியே, கருக்குழாயில் தங்கியிருந்தால் அந்த மாத்திரை வேலை செய்யாது. குழாய் வெடித்து வயிற்றுக்குள் ரத்தம் கசியும். வாரக் கணக்கு தப்பாக இருந்தால் பாதி கலைந்து மீதி உள்ளே தங்கிச் சீழ் பிடிக்கும். ஒரு மணி நேரத்தில் இரண்டு நாப்கின் முழுக்க நனைந்து, இரண்டு மணி நேரம் அப்படியே தொடர்ந்தாலோ, காய்ச்சல், மயக்கம், ஒரு பக்க வயிற்றில் கடும் வலி இருந்தாலோ உடனே 108.

பெற்றுக்கொள்வது என்று முடிவானால் அன்றே பரிசோதனைக்குப் பதிய வேண்டும். 20 வயதுக்குள் பேறு என்றால் பேறுகால வலிப்பு, குறைமாதப் பிரசவம், எடை குறைந்த குழந்தை ஆகியவற்றுக்கு வாய்ப்பு அதிகம்.

ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸுக்குச் சொல்லிவிடுவார்களாமே?

போக்சோ சட்டப்படி (2012) 18 வயதுக்குக் கீழே இருப்பவரோடு உறவு என்பது, அவர் விரும்பியிருந்தாலும், குற்றம். பையனும் பெண்ணும் இருவருமே 17 என்றாலும் வழக்கு வரும். விஷயம் தெரிந்த மருத்துவர், ஆசிரியர் யாரானாலும் காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது பிரிவு 19. இதைப் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள், பயமுறுத்தாமலும் சொல்லுங்கள். மேலே சொன்ன 2022 தீர்ப்பில், சம்மத உறவால் கர்ப்பமான சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், அந்தத் தகவலில் அவள் பெயரையும் அடையாளத்தையும் மருத்துவர் வெளிப்படுத்தத் தேவையில்லை என்று நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எல்லா மருத்துவர்களுக்கும் இது தெரியாது. நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கலாம்.

வற்புறுத்தி நடந்திருந்தால்?

சிறு வயதுக் கர்ப்பங்களில் தெரிந்த ஒருவரின் கொடுமை இருக்கக்கூடும் என்பதை மனதில் வைத்தே பேச வேண்டும். "நீ ஏன் போனே?" என்ற ஒரு கேள்வியில் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். அரசு மருத்துவமனையோ தனியாரோ, உடனே இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும். முதல் தகவல் அறிக்கை வரட்டும் என்று காக்கவைக்கக்கூடாது. 72 மணி நேரத்துக்குள் அவசர மாத்திரையும், எச்.ஐ.வி. தடுப்பு மருந்தின் முதல் வேளையும் கிடைத்துவிட வேண்டும். அந்த மருந்து மொத்தம் 28 நாள். அணிந்திருந்த துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் எடுத்துச் செல்லுங்கள், பிளாஸ்டிக்கில் வேண்டாம். குழந்தைகள் உதவி எண் 1098, பெண்கள் உதவி எண் 181.

18, 19 வயதில் கல்யாணமான பெண்ணுக்கு?

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாவது சுற்றில் (2019-21), இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 6.8 விழுக்காட்டினர் தாயாகியிருந்தார்கள் அல்லது கர்ப்பமாயிருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் மணமானவர்கள். "விசேஷம் உண்டா?" என்று மூன்றாம் மாதமே ஊர் கேட்கத் தொடங்கும். முதல் குழந்தையைத் தள்ளிப்போட்டால் பிறகு தரிக்காது என்று மாமியார் சொல்வதும் உண்டு. அது உண்மையில்லை என்பதைக் கல்யாணத்துக்கு முன்பே பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆணுறை, மாத்திரை, சாயா, காப்பர்-டி எதையும் தேர்ந்தெடுக்கலாம். படிப்பு தொடர்கிறது என்றால் காப்பர்-டியே நிம்மதி என்பது எங்கள் கருத்து. தினமும் நினைவு வைக்க வேண்டியதில்லை, வீட்டில் யார் கண்ணிலும் படாது.

பையனிடம் என்ன பேசுவது?

அவனும் பாதிப் பொறுப்பு என்பதை. உறை வாங்குவது அவன் வேலை. அவசர மாத்திரைக்கு அலைவதும் அவன் வேலையே. பேசாமல் இருப்பது சம்மதமல்ல, ஒருமுறை சரி என்றது மறுமுறைக்கு அனுமதியல்ல. "என் மேல் நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டு உறையைத் தவிர்ப்பதும் வற்புறுத்தல்தான். 18 வயதுக்குக் கீழே பெண் என்றால் சிறை வரை போகும் என்பதை அப்பாவே சொன்னால் மனதில் பதியும்.

பிள்ளை தானாகவே போய்க் கேட்கக்கூடிய இடம் எது?

2014 ஜனவரியில் தொடங்கிய தேசிய வளரிளம் பருவ நலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்கள் பலவற்றிலும் 10 முதல் 19 வயதினருக்கென்று தனி ஆலோசனை மையம் இருக்கிறது. எச்.ஐ.வி. பரிசோதனைக்கு நம்பிக்கை மையம், பால்வினைத் தொற்றுக்குச் சுகவாழ்வு மையம். கிராமங்களில் சுகாதார செவிலியரிடம் நிரோத்தும் மாத்திரையும் கிடைக்கும். ஆனால் அதே ஊர்க்காரர் என்றால் பிள்ளைகள் தயங்குவார்கள், அப்போது பக்கத்து ஊர் நிலையத்தைச் சொல்லுங்கள். பெயர் சொல்லாமல் கேட்க 104 இருக்கிறது. போகுமுன் ஒரு தாளில் நான்கு விவரம் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்: கடைசி மாதவிலக்குத் தேதி, உறவு நடந்த தேதியும் நேரமும், சாப்பிடும் மருந்துகள், வயது. உள்ளே போனதும் பதற்றத்தில் தேதி மறந்துவிடும். மருத்துவர் முதலில் கேட்பது அந்தத் தேதியைத்தான்.